ஸாவினியும் நைல் நதிச் சிலந்தியும்

பேரரசுகளை நிறுவினோர் சரிதமும், பெரும்போர்களில் வாகை சூடினோர் சரிதமும் நாம் கற்கும் வரலாற்று நூல்களில் மிகுதியும் காணப்படுகின்றன. அவற்றைக் கற்று வியக்கும் நாம், அப்படைகளின் பின்னே கையில் ஒரு கண்ணாடி வில்லையும் சாராயக் குப்பியும் ஏந்திச் சென்று, புல்லிலும் மணலிலும் ஊர்ந்து திரியும் சிற்றுயிர்களைத் தேடித் தொகுத்த அறிஞரைப் பற்றி அறிய முயல்வதில்லை. வென்ற நாடுகள் கைமாறிப் போயின. எழுப்பிய கோட்டைகள் இடிந்து வீழ்ந்தன. அச்சிற்றுயிர்களைப் பற்றி அவ்வறிஞர் கண்ட உண்மைகளோ இன்றும் அழியாது நிற்கின்றன. அத்தகையோருள் ஒருவரே பிரெஞ்சு நாட்டு உயிர்நூற் புலவராகிய ஜூல் ஸேஸார் ஸாவினி என்பார். ஈயினும் சிறிய சிலந்தியின் கண்களை எண்ணி எண்ணிப் பார்த்து, அம்முயற்சியிலேயே தம் கண்ணொளியை இழந்த அப்பெரியாரின் வாழ்க்கையைச் சுருக்கி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஸாவினி 1777-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள், பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கேயுள்ள புரொவேன் என்னும் பழம்பதியில் பிறந்தார். இளமையில் அவ்வூர்க் கல்விச்சாலையில் பழைய மொழிகளைக் கற்றுத் தேறினார். 1793-ஆம் ஆண்டில், தமக்குப் பதினாறு வயது நிரம்பிய காலத்தில், மேற்கல்வியின் பொருட்டுப் பாரிஸ் நகரம் புகுந்தார்.

அவ்வாண்டு பிரெஞ்சு நாட்டிற்கு எத்தகைய ஆண்டு என்பதை வரலாறு கற்றோர் அறிவர். மன்னன் தலை கொய்யப்பட்டதும், தெருத்தோறும் குருதி வெள்ளம் பாய்ந்ததும் அவ்வாண்டிலேயாம். எனினும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அரசனுக்குரியதாயிருந்த பூங்கா ஒன்று மக்களுக்குரிய இயற்கைப் பொருட்காட்சிச்சாலையாக மாற்றப்பட்டது. பன்னிரு பேராசிரியர் அங்கே அமர்த்தப்பட்டனர். அதுவரை செடிநூல் வல்லாராயிருந்த லாமார்க் என்பவர், ஒருவரும் விரும்பி ஏற்காத புழுக்கள் பூச்சிகளின் பகுதியை ஏற்றுக் கற்பிக்கத் தொடங்கினார். கூவியே என்பவரும், ஜெப்ருவா ஸேன்ட் இலேர் என்பவரும் இளம்பருவத்தினராகவே அச்சாலையில் புகழுற்று விளங்கினர். இவர்கள்பாற் பாடங்கேட்கும் பேறு ஸாவினிக்கு வாய்த்தது. ஆயினும் அக்காலத்தில் அவர் உள்ளம் செடிகொடிகளின் ஆராய்ச்சியிலேயே பெரிதும் ஈடுபட்டிருந்தது. சிலந்தியைப் பற்றி அவர் கனவினும் கருதியதில்லை.

எகிப்து நாடு செல்லுதல்

1798-இல் நெப்போலியன் போனபார்ட் எகிப்தின்மீது படையெடுக்கத் துணிந்தான். படைவீரரோடு அறிஞர் குழாம் ஒன்றையும் அழைத்துச் செல்ல வேண்டுமென்பது அவன் விருப்பம். கணக்கர், பொறியியலார், வேதியியலார், ஓவியர், மொழிவல்லார் என 150-க்கு மேற்பட்டோர் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். உயிர்நூலின் பொருட்டுக் கூவியே அழைக்கப்பட்டார். அவர் பாரிஸை விட்டகல விரும்பாமல், தமக்கு மாற்றாக இருபத்தொரு வயதினராகிய ஸாவினியைக் குறித்தனுப்பினார். முதுகெலும்புடைய உயிர்களை ஜெப்ருவாவும், முதுகெலும்பற்ற உயிர்களை ஸாவினியும் ஆராய வேண்டுமெனப் பணி வகுக்கப்பட்டது. செடிநூல் விரும்பிய இளைஞர் இவ்வாறு பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் உரியவரானார்.

மே மாதம் 19-ஆம் நாள் தூலோன் துறையினின்று கப்பற்படை புறப்பட்டது. ஜூலை முதல் நாள் அலெக்ஸாந்திரியாவின் அருகே கரையிறங்கினர். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஆங்கிலத் தளபதி நெல்ஸன் பிரெஞ்சுக் கப்பல்களை அபுகீர்க் குடாவிலே அழித்தொழித்தமையால், தாய்நாட்டிற்கு மீளும் வழியும் அடைபட்டது. இத்துணை இடுக்கணிலும் அதே மாதம் 22-ஆம் நாள் கெய்ரோ நகரில் எகிப்தியக் கழகம் என்னும் அறிஞர் சங்கம் நிறுவப்பட்டது. வெளியே போரும் உள்ளே ஆராய்ச்சியுமாக மூன்று ஆண்டுகள் கழிந்தன.

நைல் நதியின் கழிமுகத்திலும், மேல் எகிப்திலும், செங்கடற் கரையிலும் ஸாவினி அலைந்து திரிந்தார். பாலைவனமும் பசுங்கழனியும் ஒரே எல்லைக்கோட்டில் சந்திக்கும் நாடு எகிப்து. ஒரு காலைச் சுடுமணலிலும் மற்றொரு காலை ஈரச் சேற்றிலும் ஊன்றி நிற்கத்தக்க இடங்கள் அங்குப் பலவுள. ஆண்டுதோறும் வெள்ளம் பெருகி வடியுங்கால், கரையெங்கும் கருவண்டல் படியும். அவ்வண்டலின் வெடிப்புகளிலும், நாணற் புதர்களிலும், வாய்க்கால் ஓரங்களிலும் எண்ணிறந்த சிற்றுயிர்கள் குடிகொள்ளும். அவற்றையெல்லாம் ஸாவினி திரட்டினார். வண்டு, ஈ, நண்டு, சங்கு, சிப்பி, தேள், சிலந்தி ஆகிய எவையும் அவர் கைக்குத் தப்பவில்லை.

தொகுதிகளுக்கு நேர்ந்த இடர்

1799-இல் நெப்போலியன் தன் படையை எகிப்திலே விட்டுத் தான் மட்டும் பிரெஞ்சு நாடு திரும்பினான். 1801-இல் எஞ்சிய படை அலெக்ஸாந்திரியாவில் ஆங்கிலேயரிடம் பணிய நேர்ந்தது. அறிஞர் தொகுத்த பொருள்கள் அனைத்தையும் தம்மிடம் ஒப்படைக்க வேண்டுமென்பது ஆங்கிலத் தளபதி ஹட்சின்ஸன் கேட்ட உடன்பாடுகளுள் ஒன்று. பிரெஞ்சுத் தளபதி மெனூ அதற்கு இசைந்துவிட்டான்.

இச்செய்தி கேட்டு ஜெப்ருவாவும், ஸாவினியும், செடிநூல் வல்லாராகிய தெலீலும் ஆங்கிலத் தளபதியிடம் சென்று முறையிட்டனர். தொகுத்தவரின் குறிப்பும் அறிவும் இல்லாதவிடத்து அப்பொருள்கள் வெறுங்குப்பையே என்று விளக்கினர். தளபதி இணங்காமை கண்டு, பகைவர் கைப்படுவதினும் அவற்றைத் தாமே தீக்கிரையாக்குவோம் என்று துணிந்து உரைத்தனர். முற்காலத்தில் அலெக்ஸாந்திரியாவின் பெருநூல்நிலையம் எரிந்த பழியை உலகம் இன்னும் மறக்கவில்லை என்பதையும் நினைவூட்டினர். இறுதியில் ஹட்சின்ஸன் மனமிளகினார். ரோஸெட்டாக் கல் முதலிய தொல்பொருள்கள் ஆங்கிலேயர் வசமாயின. உயிர்த்தொகுதிகளோ தொகுத்தவரிடமே விடப்பட்டன. படைக்கலம் ஏந்தாத மூவர், படை தோற்ற களத்தில் பெற்ற வெற்றி இது.

ஆராய்ச்சியும் நூல்களும்

தாய்நாடு திரும்பிய ஸாவினி முதற்கண் ஆராய்ந்தது ஐபிஸ் என்னும் எகிப்தியப் பறவையாம். இது நம் நாட்டு நீர்நிலைகளில் காணப்படும் அரிவாள்மூக்கனுக்கு நெருங்கிய இனம். பழைய எகிப்தியர் இதனைத் தெய்வமாகப் போற்றி, இறந்தபின் மருந்திட்டுப் புதைத்தனர். இப்பறவை பாம்புகளைக் கொன்று நாட்டைக் காத்தமையாலேயே வணங்கப்பட்டது என்று கிரேக்க ஆசிரியர் காலந்தொட்டு அனைவரும் எழுதி வந்தனர். ஸாவினி பறவையின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். பாம்பு காணப்படவில்லை, நீர்வாழ் நத்தைகளே காணப்பட்டன. அதன் மெல்லிய வளைந்த அலகு பாம்பைக் கொல்லத் தக்கதன்று எனவும், நைல் வெள்ளத்தோடு உடன் தோன்றுவதாலேயே அது நலந்தரும் பறவையாகக் கருதப்பட்டது எனவும் 1805-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஈராயிரம் ஆண்டுகளாக ஏட்டில் நின்ற கொள்கையை ஒரு பறவையின் வயிறு மறுத்தது.

அவருடைய பெரும்புகழுக்குக் காரணமானது 1816-இல் வெளிவந்த முதுகெலும்பற்ற உயிர்களைப் பற்றிய நூலாம். வண்டு கடிக்கிறது, கொசு குத்துகிறது, ஈ நக்குகிறது, வண்ணத்துப்பூச்சி நீண்ட குழலால் தேனை உறிஞ்சுகிறது. இவற்றின் வாய்கள் ஒன்றற்கொன்று தொடர்பற்றனவாகவே தோன்றும். ஸாவினியோ எண்ணற்ற பூச்சிகளின் வாயுறுப்புகளைப் பிரித்து வைத்து ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் அடிப்படை உறுப்புகள் ஒன்றே எனவும், அவையே நீண்டும் குறுகியும் ஒட்டியும் பிரிந்தும் வெவ்வேறு கருவிகளாக மாறியுள்ளன எனவும் காட்டினார்.

தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு இது புதியதொன்றன்று. வந்தான், வருவான், வாரான் என்னும் சொற்களைக் கேட்கும் குழந்தைக்கு அவை வேறு வேறாகவே படும். பகுபத உறுப்பிலக்கணம் கற்றவனோ விகாரத்தை நீக்கி, வா என்னும் ஒரே பகுதியை மூன்றிலும் காண்கிறான். பூச்சியின் வாய்க்கு உறுப்பிலக்கணம் வகுத்தவர் ஸாவினி என்று கூறின் அது மிகையாகாது. உயிர்களின் உறுப்பொப்புமையைப் பற்றிப் பின்வந்தோர் எழுதிய நூல்களுக்கெல்லாம் இது ஓர் அடிப்படையாயிற்று. 1821-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமை பெற்றது.

சிலந்திப் படங்கள்

எகிப்துப் படையெடுப்பின் அறிவுப்பயன் அனைத்தையும் தொகுத்து, எகிப்தின் விவரணம் என்னும் மாபெரும் நூலைப் பிரெஞ்சு அரசினர் 1809 முதற்கொண்டு பகுதி பகுதியாக வெளியிட்டனர். அதன் முதுகெலும்பற்ற உயிர்களின் படங்கள் ஸாவினியின் பொறுப்பாயின. திறமிக்க ஓவியரைத் தம் அருகே இருத்தி, ஒவ்வொரு கோட்டையும் தாமே சரிபார்த்து அப்படங்களை வரைவித்தார்.

அவற்றுள் சிலந்திகளின் படங்கள் இன்றும் காண்போரை வியக்கச் செய்வன. முழு உருவத்தை வரைந்ததோடு அவர் நின்றாரல்லர். எட்டுக் கண்களும் எம்முறையில் அமைந்துள்ளன, தாடையின் பற்கள் எத்தனை, காலின் நுனிநகம் எவ்வாறு பிளந்துள்ளது, நூல் வெளிப்படும் முனைகள் எவ்வடிவின என்று தனித்தனியே பெருக்கிக் காட்டினார். சிலந்தியின் இனத்தை உறுதி செய்ய இன்றைய ஆராய்ச்சியாளர் நோக்கும் உறுப்புகளும் இவையேயாம். கைவிரல் நகத்தில் பத்துச் சிலந்திகள் அடங்கும் அத்துணைச் சிறிய உடலில், அதனினும் சிறிய கண்ணை, பகலொளியிலும் விளக்கொளியிலும் ஆண்டுக்கணக்காக அவர் நோக்கினார்.

கண்ணொளி இழத்தல்

இயற்கை அதற்குரிய விலையைக் கேட்டது. 1817-இல் அவர் கண்களைக் கொடிய நோய் பற்றியது. நூலும் படமும் ஒதுக்கி, இத்தாலி நாடு சென்று சில ஆண்டுகள் ஓய்வு கொண்டார். நோய் ஓரளவு தணிந்தது. ஊர் திரும்பி மீண்டும் பணியைத் தொட்டார். 1824-இல் நோய் முன்னினும் கடுமையாகத் திரும்பிற்று. அதன்பின் அவரை விட்டு நீங்கவேயில்லை.

குருடர் காண்பது இருள் என்பர். ஸாவினிக்கு அவ்விருளும் கிட்டவில்லை. சிறிது வெளிச்சமும் தாங்கொணா வேதனை தந்தமையால், கதவடைத்த அறையில் முகத்தைக் கருந்துணியால் மூடி இருந்தார். அவ்விருளிலும் அவர் கண்முன் தீப்பொறிகளும், சுழலும் நிறங்களும், மின்னும் உருவங்களும் இரவு பகல் ஓயாது தோன்றி வருத்தின. அந்நிலையிலும் ஆராய்ச்சியாளரின் இயல்பு அவரை விட்டகலவில்லை. தம் கண்ணுள்ளே தோன்றிய அக்காட்சிகளையே முறையாக நோக்கி வகைப்படுத்தி, 1838-இல் விஞ்ஞானக் கழகத்திற்கு ஒரு கட்டுரையாக அளித்தார். பிற உயிர்களைக் காண இயலாத நிலையில், தம் துன்பத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார்.

படமும் உரையும்

படங்கள் அச்சாகிவிட்டன, அவற்றிற்குரிய விளக்கவுரை வரவில்லை. நூல் வெளியீட்டின் பொறுப்பாளராயிருந்த ஜோமாரும் அரசினரும் அவர்தம் குறிப்புகளைக் கேட்டனர். நோய் தீர்ந்தபின் தாமே எழுதி முடிக்கும் நம்பிக்கையில் ஸாவினி அவற்றைக் கொடுக்கவில்லை. ஆண்டுகள் சென்றன. முடிவில் விக்தோர் ஓத்வேன் என்னும் இளைஞரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. ஓத்வேன் 1797-இல் பிறந்தவர். எகிப்துப் படை புறப்பட்டபோது மழலை மாறாக் குழந்தை. எகிப்தை அவர் ஆராய்ந்தவரல்லர்; ஸாவினியின் குறிப்புகளும் அவருக்குக் கிட்டவில்லை. படங்களை மட்டுமே நோக்கி, ஒவ்வோர் உயிருக்கும் பெயரிட்டுச் சுருக்கமான உரை வரைந்தார். ஆகவே 1826 முதல் அவ்வெகிப்தியச் சிலந்திகள் பல, ஓத்வேன் பெயரையே ஆசிரியர் பெயராகக் கொண்டு உலகில் வழங்குகின்றன.

இதில் தவறு யாருடையது? ஓத்வேனைக் குறைகூறுதல் அறமாகாது. அவர் முன்வந்திராவிடில் அப்படங்கள் பெயரற்ற சித்திரங்களாகவே கிடந்திருக்கும். அரசினரையும் முற்றும் பழித்தல் இயலாது. பெரும்பொருள் செலவிட்ட நூலை முடிவின்றி நிறுத்திவைத்தல் அவர்க்கு ஏலாது. ஸாவினியின் மறுப்பினால் அறிவுலகம் இழந்தது மிகுதி என்பதையும் மறைத்தல் கூடாது. எச்சிலந்தி எவ்விடத்தில், எப்பருவத்தில், எவ்வகை வலையில் கிடைத்தது என்னும் செய்திகள் அவர் குறிப்புகளிலிருந்து அச்சேறவேயில்லை. பாலையில் வாழ்வதா, ஆற்றங்கரையில் வாழ்வதா என்பதைப் பின்வந்தோர் மீண்டும் தேடிக் காண வேண்டியதாயிற்று. எனினும், தம் கண்ணைக் கொடுத்து ஈட்டிய பொருளைத் தம் கையாலேயே உலகிற்கு அளிக்க விரும்பிய ஒருவரைக் கடிந்துரைக்க நம் உள்ளம் துணிவதில்லை. மூன்று திறத்தாரிடத்தும் நியாயம் இருந்தது. அங்ஙனமிருந்தும் இழப்பு நேர்ந்தது. இதுவே இவ்வாழ்க்கையின் துன்பமாகும்.

நம் மொழியில் நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். சிலம்பியின் நூலை ஸாவினி போல் கண்டவர் அந்நாளில் இலர்; அச்சிலம்பிகளைப் பற்றிய நூலை மட்டும் அவரால் முடிக்க இயலவில்லை.

நைல் கரையின் விரிப்புவலைச் சிலந்தி

அப்படங்களின் வழியே உலகறிந்த சிலந்திகளுள் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். ஓத்வேன் இதற்கு எரிகோனே வாகான்ஸ் என்று பெயரிட்டார். எரிகோனே என்பவள் கிரேக்கக் கதையில் தந்தையைத் தேடி அலைந்த நங்கை. வாகான்ஸ் என்னும் இலத்தீன் சொல்லும் அலைவது என்றே பொருள்படும். 1988-இல் மில்லிஜ் என்னும் ஆராய்ச்சியாளர் இதனை வேறு பேரினமாகப் பிரித்தமையால், இன்று ப்ரினெரிகோனே வாகான்ஸ் என வழங்குகிறது.

இஃது ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமேயுடையது. ஆற்றங்கரை, சதுப்பு நிலம், நீர்க்கசிவுள்ள மணல் ஆகிய ஈரமான இடங்களே இதன் உறைவிடம். விரிப்புவலைச் சிலந்திகள் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் 4,500-க்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. சிலந்தியினங்களுள் இதனினும் பெரிய குடும்பம் பாய்ந்து வேட்டையாடும் சிலந்திகளின் குடும்பம் ஒன்றேயாம்.

தோட்டங்களில் நாம் காணும் வட்டவலை போன்றதன்று இவற்றின் வலை. தரைக்கு இணையாக, பாய் விரித்தாற்போல் மெல்லிய விரிப்பொன்றை நெய்து, அதன் அடிப்புறத்தில் தலைகீழாகத் தொங்கிக் காத்திருக்கும். விரிப்பின்மேல் சிறுபூச்சி விழின், கீழிருந்தவாறே வலையின் ஊடாகக் கடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இக்குடும்பத்தின் மிகச் சிறிய இனங்கள் பல, மண்ணிலுள்ள சிறு பள்ளங்களின் குறுக்கே வலை கட்டும். உழவனும் மாடும் நடந்து சென்ற சேற்றில் பதிந்த குளம்படி ஒன்றே அவற்றிற்கு ஒரு பெருமனை. விளைநிலங்களில் பயிரின் சாற்றை உறிஞ்சும் செடிப்பேன்களை இவை உண்டு உழவருக்கு அவரறியாமலே உதவுகின்றன.

வெள்ளம் பெருகும் கரையில் வாழும் சிற்றுயிர் எவ்வாறு பிழைக்கும்? இக்குடும்பத்துச் சிலந்திகள் புல்நுனியில் ஏறி, உடலின் பின்புறத்தை உயர்த்தி, நூலொன்றைக் காற்றில் விடும். காற்று அந்நூலை இழுத்துச் சிலந்தியையும் உடன் தூக்கிச் செல்லும். ஒரு கரை மூழ்கினால் மற்றொரு கரை. ஒரு வயல் காய்ந்தால் வேறொரு வயல். அதனாலன்றோ, எகிப்தின் பெயரால் முதலில் அறியப்பட்ட இச்சிலந்தி, ஆப்பிரிக்காவில் மட்டுமன்றி ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளிலும் காணப்படுகிறது!

ஓத்வேன் பெயரிட்ட மற்றொரு சிலந்தி நமக்கு மிகவும் அணுக்கமானது. நம் வீட்டுச் சுவர்களில் ஈயை நோக்கிப் பதுங்கிப் பதுங்கி நடந்து பாய்ந்து பற்றும், வெள்ளைக்கோடு போட்ட சிலந்தியைக் காணாதார் இலர். பிளெக்ஸிப்பஸ் பேகுல்லி என்னும் அதுவும் 1826-இல் எகிப்துப் படங்களின் வாயிலாகவே பெயர் பெற்றது. அடுத்தமுறை அதனை விளக்குமாற்றால் அடிக்கக் கையோங்குமுன், அதன் உருவை உலகிற்கு முதலில் காட்டியவரின் கண்களை நாம் நினைத்தல் தகும்.

இறுதி நாட்களும் நிலைத்த புகழும்

வெர்ஸேல் நகரை அடுத்த ஒரு மனையில் ஸாவினி தம் எஞ்சிய நாட்களைக் கழித்தார். ஒலிம்ப் லெதெல்லியே என்னும் அம்மையார் கடைசி நாள்வரை அவருக்குத் துணையாயிருந்து பேணினார். 1851-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். நோய் திரும்பிய நாள்தொட்டு இருபத்தேழு ஆண்டுகள் அவர் இருளறையில் வாழ்ந்திருந்தார்.

ஸாவினி விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தோர் பின்னர்த் தோன்றினர். இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் குருவாயிருந்த ஒக்டேவியஸ் பிக்கார்டு கேம்பிரிட்ஜ் என்பார் எகிப்து சென்று தாமே சிலந்திகளைத் தொகுத்து, 1876-இல் அவற்றின் பட்டியலை வெளியிட்டார். லெதெல்லியே அம்மையார் தம் பொருளைக் கொண்டு, விஞ்ஞானக் கழகத்தின்வழி ஸாவினி பரிசு என்னும் அறநிதியை ஏற்படுத்தினார். அரசினர் உதவி பெறாது பயணம் செய்து, எகிப்து சிரியா நாடுகளின் முதுகெலும்பற்ற உயிர்களை ஆராயும் இளைஞருக்கென அஃது அமைந்தது. முடியாது நின்ற பணியை முடிக்கும் கடன் இளைஞருடையது என்பதை அவ்வம்மையார் நன்குணர்ந்திருந்தார் போலும்.

நெப்போலியன் எகிப்தை மூன்றாண்டிற்குமேல் தன் ஆட்சியில் வைத்திருக்க இயலவில்லை. அவன் படையோடு சென்ற இளைஞர் வரைவித்த சிலந்திப் படங்களை, இருநூறு ஆண்டுகள் கழிந்த இந்நாளிலும் ஆராய்ச்சியாளர் விரித்துப் பார்க்கின்றனர். அவர் திரட்டிய சிலந்திகளின் உடல்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. ஆதலின் அப்படங்களே இன்று சான்றாக நிற்கின்றன. கற்பது எத்துணைச் சிறிய பொருளாயினும், அதனை முழுதும் நோக்கிக் கற்றல் வேண்டும். கண்டதைக் காலந்தாழ்த்தாது பிறர்க்கு வழங்கலும் வேண்டும். முன்னதற்கு ஸாவினியின் வாழ்க்கை சிறந்த எடுத்துக்காட்டாகும். பின்னது எத்துணை இன்றியமையாதது என்பதையும் அவ்வாழ்க்கையே நமக்கு உணர்த்துகிறது. கண்ணும் காலமும் வாய்த்திருக்கும் மாணாக்கராகிய நாம் இவ்விரண்டையும் கடைப்பிடிப்போமாக.